புதுப்பிப்பு: லண்டன் ஓவனில் போடோ பிட்டா

ஒடிசாவின் ரஜோ பண்டிகைக்கான போடோ பிட்டாவை (மேலே கருகச் சுடும் அரிசிப் பலகாரம்) ஓவனில் சுட முடியுமா என்று பக்கத்து வீட்டு ஒடியா அக்காவுக்காகக் கேட்டிருந்தேனே, ஜோராக வந்துவிட்டது. புளித்த அரிசி உளுந்து மாவில் வெல்லம், தேங்காய்ப்பல், இஞ்சி, மிளகு. வாழையிலை, லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதித் தமிழ்க் கடையில் வாங்கியது.

அக்காவின் ஊரில் தணலில் ராத்திரி முழுக்க வேகுமாம். இங்கே இரும்புச் சட்டியில் இலை விரித்து, மூடி, குறைந்த சூட்டில் விட்டோம். கடைசியில் மூடியை எடுத்துச் சூட்டை ஏற்றியதும்தான் மேலே கருகல் பிடித்தது. அது இல்லாவிட்டால் வெறும் கேக்தான், என்னைக் கேட்டால்.

முன்கூட்டியே சுட்டு வைப்பதற்குக் காரணம் உண்டு: ஜூன் நடுவில் வரும் ரஜோவின் 3 நாளும் பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்பது நம்பிக்கை. உழவு கிடையாது, பெண்களுக்கு அம்மி, அடுப்பிலிருந்து விடுப்பு, ஊஞ்சல்தான். (நல்ல ஏற்பாடு!)

புகை அலாரம் அலறும் என்று பயமுறுத்தியவர்களுக்கு: அலறவில்லை.