ஹேர்ப்பீஸ் மூளை அழற்சி: காய்ச்சல் விட்ட பின்னும் மருந்து ஏன்?

கேட்டவர்: வெள்ளவத்தை மகன்
61 வயதான என் அம்மாவுக்குக் காய்ச்சலும் தலையிடியும் வந்தபோது, கொழும்பில் எல்லோரும் நினைப்பதுபோல டெங்கு என்றே நினைத்து இரத்தம் சோதித்தோம். மூன்றாம் நாள் கேத்தலைக் காட்டி அதன் பெயர் வராமல் தடுமாறினார். அன்றிரவே வலிப்பும் வந்தது. முள்ளந்தண்டு நீரின் பி.சி.ஆர். பரிசோதனையில் ஹேர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதலாம் வகை வைரஸ் உறுதியாகி, அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து நாளத்தினூடாக ஏற்றப்படுகிறது. இன்று பத்தாம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகவேண்டும் என்று அம்மா அழுகிறார். மீதி நாட்களுக்குக் குளிசை தரமுடியாதா? பேரப்பிள்ளைகள் அவரைப் பார்க்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற வைத்தியர், தெஹிவளை
தம்பி, தயவுசெய்து இடைநிறுத்த வேண்டாம். விழுங்கும் அசைக்ளோவிரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது, அதிலும் பாதியளவே முள்ளந்தண்டு நீரை எட்டுகிறது என்பதால், மூளைக்குள் பெருகும் வைரஸை அடக்கும் அளவைக் குளிசையால் எட்டமுடியாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாட்கள் ஏற்றுவதே வழமை. சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். சிகிச்சையே இல்லாவிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை இறந்துபோகும் நோய் இது. மருந்து சிறுநீரகத்தில் பளிங்காகப் படியாதிருக்க, ஒரு மணித்தியாலமாவது எடுத்து மெதுவாக ஏற்றி, போதிய திரவம் கொடுத்து, சிறுநீரகம் வேலைசெய்வதைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்து வருவார்கள். சிறுநீர் குறைந்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனை அக்கா
என் கணவர் இதே நோயிலிருந்து தேறி வீடு வந்து ஐந்தாவது வாரத்தில், உறக்கமின்றி, யாரோ துரத்துவதாகச் சொல்லத் தொடங்கினார். வைரஸ் திரும்பியதோ என்று அஞ்சினோம். மறுபடி எடுத்த பி.சி.ஆரில் வைரஸ் இல்லை. அவருடைய நோயெதிர்ப்புச் சக்தியே மூளை நரம்புக் கலங்கள் சைகைகளைப் பெற உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கியிருந்தது. அந்தத் தாக்குதலை அடக்கும் ஸ்டீரொய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தபின் படிப்படியாகத் தெளிந்தார். ஆகவே வீடு வந்தபின்னும் இரண்டு மூன்று மாதம் அம்மாவின் பேச்சையும் நடத்தையையும் கவனியுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வைத்தியர், தெஹிவளை
அக்கா சொன்னது மிக முக்கியமானது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, இந்த வைரஸ் பெரியவர்களில் பெரும்பாலோரின் நரம்பில் ஏற்கெனவே உறங்கிக்கிடப்பது. மூளை அழற்சி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை, அவர்கள் தாராளமாகப் பாட்டியைப் பார்க்கலாம். இந்த வைரஸால் உதட்டில் கொப்புளம் வந்தவர்கள் மட்டும் பச்சிளங் குழந்தையை முத்தமிடக் கூடாது. அந்த வயதில் இதே வைரஸ் உயிரைப் பறிக்கக்கூடியது.