எல்லோரும் குருக்கள் என்றால் சாமியார் எதற்கு? மறைக்கல்வி வகுப்புக்கு உதவுங்கள்

எல்லோருக்கும் தோத்திரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் (திருமுழுக்குப் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருளடையாளம்) வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு 13, 14 வயது. போன ஞாயிறு 1 பேதுரு 2:9 வாசித்தோம். விசுவாசிகள் எல்லோரையும் ‘அரச குருக்களின் கூட்டத்தினர்’ என்று அழைக்கும் இடத்தில் ஒரு பையன் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, “நாமளே குருன்னா சாமியார் எதுக்கு டீச்சர்?” என்றான். கோயிலில் பூசை வைக்கும் குருவைத்தான் சாமியார் என்கிறான். அவன் அம்மா வீட்டார் லுத்தரன் சபை. அந்தச் சபையின் முன்னோடி மார்ட்டின் லுத்தர், கிறிஸ்தவர் எல்லோரும் குருக்களே என்று 1520-இல் வாதாடியதும் இதே வசனத்தை வைத்துத்தான்.

எபிரேயர் 7-ஐக் காட்டி, பழைய ஏற்பாட்டில் வரும் குருவும் அரசருமான மெல்கிசெதேக்கின் முறைப்படி கிறிஸ்து ஒருவரே தலைமைக் குரு, நாம் அவரில் பங்குபெறுகிறோம் என்றேன். “அப்போ பங்கு எல்லாருக்கும் ஒண்ணுதானே?” என்றான். திருமுழுக்கில் உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் (ஆயர் அர்ச்சித்த எண்ணெய்) பூசுவதைச் சொன்னேன். அது எல்லோருக்கும் பூசுவது என்பதால் அவன் பக்கத்துக்கே வலு சேர்த்தது. கிரேக்கத்தில் பலியிடும் குருவுக்கு ‘ஹியெரெயுஸ்’, சபை மூப்பருக்கு ‘பிரெஸ்பிட்டெரோஸ்’ என்று தனித்தனிச் சொற்கள். அதை எடுத்தால் குழப்பம் கூடும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கம்) ‘திருச்சபை’ ஏடு (1964), எண் 10-ஐச் சொன்னேன்: பொதுக் குருத்துவமும் (திருமுழுக்குப் பெற்ற எல்லோருக்கும் உரியது) பணிக் குருத்துவமும் (குருப்பட்டம் பெற்றவர்களுக்கு உரியது) அளவில் மட்டுமல்ல, சாராம்சத்திலேயே வேறு; ஆனாலும் ஒன்றையொன்று சார்ந்தவை. நான் மனதார நம்புவது இதைத்தான். ஆனால் ‘சாராம்சம்’ என்றதும் பிள்ளைகள் முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை. தலைவர்–தொண்டர் உவமையும் சரிவராது, அது அளவு வேறுபாடாகிவிடும்.

வரும் ஞாயிறு பதில் சொல்வதாக அவனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று தொனிக்காமல் இந்த வேறுபாட்டை விளக்க, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த எந்த உவமையைச் சொல்வீர்கள்?