புதூர் பட்டறை வீடு: படகு கடலில் இறங்கிய மாதம்

எங்கள் குடும்பக் குழுவில் வந்த செய்திகள் இவை. அப்பாவும் சித்தப்பாவும் 'அம்மா' என்று சொல்வது என் அப்பத்தாவை.

பிப்ரவரி 8, ஞாயிறு

சித்தப்பா, காலை 7.05
எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு பத்தரை மணிக்குப் பின்பலகை வேலை முடிந்தது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். பாப்பாவின் தாத்தா வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போன படகுக்கு முதுகெலும்பு திரும்ப வந்துவிட்டது.

அப்பா, 7.11
பார்த்தேன் தம்பி. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அம்மாவிடமும் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பரமக்குடி அத்தை, 7.20
பின்பலகை என்றால் இன்ஜின் மாட்டுகிற இடம்தானே தம்பி? அதற்கா மூன்று மாதம்?

சித்தப்பா, 7.34
ஆமாம் அக்கா, அதற்குத்தான். வெளியே பார்த்தால் ஃபைபர் நன்றாகத்தான் இருந்தது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். ஓரங்களில் கணீரென்று கேட்டது. இன்ஜின் போல்ட் துளைகளுக்குப் பக்கத்தில் வந்ததும் மண்சுவரைத் தட்டியது போல மொத்தென்று கேட்டது. இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவில் பிளைவுட் இருக்கும். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் துளையில் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வைக்காமல் போல்ட்டை முறுக்கியிருக்கிறார். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே பலகை ஊறிய அவல் மாதிரி ஆகிவிட்டது. கையாலேயே அள்ளி எடுத்தேன்.

சித்தப்பா, 7.38
புதிதாக வைத்தது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், இரண்டு அடுக்கு, நடுவில் இறுகும் எபாக்சி பசை. ஒவ்வொரு துளையையும் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் மறுபடி போல்ட் அளவுக்குத் துளைத்தேன். இனித் தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. தரைக்கு அடியில் இருந்த நுரையும் தண்ணீர் குடித்துக் கிடந்தது. வெட்டி எடுத்து எடை போட்டால் 90 கிலோ. அத்தனை வருடமும் படகு அந்தச் சுமையோடுதான் கிடந்திருக்கிறது.

ஷார்ஜா அத்தான், 8.02
மாமா, அருமையான வேலை. இங்கே எங்கள் யார்டில் பாதிப் பேர் இதைச் செய்யாமல் மேலே புட்டி பூசி இன்ஜினை மாட்டிவிடச் சொல்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் மறுபடி கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு பலமாகப் பலகை வைத்த பிறகு ஏன் 115 ஹெச்.பி. இரண்டு? 200 இரண்டு போட்டால் இந்த உடம்பு பறக்குமே?

சித்தப்பா, 8.15
மாப்பிள்ளை, உன்னிடம் எனக்கு என்ன கோபம்? கணக்கைச் சொல்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்றைக் கழற்றி எடைமேடையில் வைத்தேன், 152 கிலோ. இப்போது வாங்கிய ஃபோர் ஸ்ட்ரோக் 178. இரண்டுக்கும் சேர்த்து 52 கிலோ பின்னால் கூடுகிறது. அதற்கே இரண்டு பேட்டரியையும் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கொண்டுவந்துவிட்டேன். 200 போட்டால் ஒன்று 220 கிலோவைத் தாண்டும். அலை பின்னால் ஏறி உள்ளே விழும். இது 24 அடிப் படகு. பலகையை நான் புதிதாகச் செய்யலாம். உடம்பின் அளவை மாற்ற முடியாது.

ஷார்ஜா அத்தான், 8.17
சரி மாமா. எடையைச் சொன்ன பிறகு பேச்சில்லை.

நான், 8.25
சித்தப்பா, அடிப்பாகம் ஏன் இவ்வளவு கூராக இருக்கிறது? ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் பார்க்கிற ஃபைபர் வள்ளம் எதுவும் இப்படி இல்லையே.

சித்தப்பா, 8.41
நல்ல கேள்வி பாப்பா. தட்டையான அடி சீக்கிரம் தண்ணீர் மேல் ஏறும், ஆனால் அலையில் பலகையால் அடித்தது போல விழும். 1960-ல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசோ வரை ஒரு பந்தயம் நடந்தது. கடல் மிக மோசமாக இருந்த அந்த நாளில், ரே ஹன்ட் என்பவர் வரைந்த 'மாப்பி' என்ற படகு முதலில் வந்து சேர்ந்தது. முன்னிருந்து கடைசி வரை ஆழமான வி வடிவம். அலையில் மோதாமல் வெட்டிக்கொண்டு போகும். வேகப் படகுகளின் வடிவமே அதற்குப் பிறகு மாறியது. நம் படகு 80-களில் வார்த்தது, ஆனாலும் அதே வம்சம். பின்பலகையில் கோணம் அளந்தேன், 22 டிகிரி. இந்த வடிவம் நின்றுகொண்டிருக்கும்போது கொஞ்சம் ஆடும், கிளம்பும்போது கூடுதல் பலம் கேட்கும். ஓடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சித்தப்பா, மாலை 5.10
இரண்டு இன்ஜினும் ஏற்றியாகிவிட்டது. அடியில் தண்ணீர்க் குழாய் மாட்டி இப்போதுதான் ஸ்டார்ட் செய்தேன். வீடியோ பாருங்கள்.

அம்மா, 5.18
சத்தமே இல்லையே தம்பி! பழையது ஓடினால் தெருவே எழுந்து வரும் என்று மாமா சொல்வாரே. ஒரு சந்தேகம். படத்தில் இரண்டு காற்றாடியும் (புரொப்பல்லர்) ஒன்றுக்கொன்று எதிராக வளைந்திருக்கிறது. தவறாக அனுப்பிவிட்டார்களா?

ஷார்ஜா அத்தான், 5.24
இல்லை அத்தை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்று வலஞ்சுழி, இன்னொன்று இடஞ்சுழி. இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும், கை ஓயாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் இழுப்பை மற்றது சரிக்கட்டிவிடும்.

அப்பத்தா (குரல் பதிவு, அப்பா எழுதியது), 5.40
"பின்னால் ஒரு சிறு துளையில் தண்ணீர் பீச்சுகிறதே, அது இரண்டிலும் ஒரே கனமாக வருகிறதா என்று கேள். உங்கள் அய்யா பம்புசெட்டில் அதைத்தான் முதலில் பார்ப்பார். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் இன்ஜின் போய்விடும்."

சித்தப்பா, 5.46
ஒரே கனமாக வருகிறது அம்மா. வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. நீங்கள் கேட்டதும் மறுபடி போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஷார்ஜா அத்தான், 5.52
மாமா, பெட்ரோல் விஷயம் என்ன ஆனது? அங்கே பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. இப்படிப் பின்பலகையில் மாட்டுகிற பல அவுட்போர்டு இன்ஜின்களுக்கு 10 வரைதான் ஆகும்.

சித்தப்பா, 6.05
அதை விற்றவரிடம் எழுத்திலேயே வாங்கிவிட்டேன் மாப்பிள்ளை, இந்த மாடலுக்கு 20 ஆகும். எனக்குக் கவலை பழைய தொட்டியும் குழாயும்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும், இன்ஜின் அதைத்தான் முதலில் குடிக்கும். பழைய ரப்பரையும் உள்ளிருந்தே கரைக்கும். அதனால் தொட்டி புதிது, குழாய் புதிது, இன்ஜினுக்கு ஒன்றாகத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இரண்டு. ஓட்டப்போகிற நாளன்று காலையில்தான் பெட்ரோல் போடுவேன். நிரப்பி வைத்துவிட்டு மாதக்கணக்கில் விடமாட்டேன்.

பரமக்குடி மாமா, 6.20
மச்சான், மண்டபம் வரை 150 கிலோமீட்டர் ஏன் இழுத்துக்கொண்டு போக வேண்டும்? ஆண்டிப்பட்டிப் பக்கம் வைகை அணை இருக்கிறதே. அனுமதி கேட்டுப் பார்க்கலாமே?

சித்தப்பா, 6.31
வேண்டாம் மச்சான். மதுரைக்குக் குடிக்கத் தண்ணீர் வருகிற அணை அது. அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விழுந்தாலும் எனக்கு மனசு ஆறாது. அப்புறம், இது கடலுக்குப் பிறந்த படகு. உப்புத் தண்ணீரில், அலையில் ஓடினால்தான் எங்கே கசிகிறது, எங்கே ஆடுகிறது என்று தெரியும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நான், காலை 6.40
மண்டபம் வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) இருக்கிறோம். வாடைக்காலம் முடிந்துவிட்டதால் தண்ணீர் தகடு போல இருக்கிறது. கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டோம். டிராக்டரை வைத்து மணலில் இறக்கினார்கள். நான்கு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டாயிற்று.

அம்மா, 6.42
நீ உள்ளே எழுந்து நிற்கக் கூடாது.

நான், 6.44
இல்லை அம்மா. என் வேலை எழுதுவது மட்டும்தான். சித்தப்பா இடுப்பில் ஒரு சிவப்புக் கயிறு மாட்டியிருக்கிறார். அவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று இரண்டு இன்ஜினும் உடனே நின்றுவிடும். கரையிலேயே இழுத்துச் சோதித்துப் பார்த்தோம்.

நான், 7.30
மிதக்கிறது!! பின்பக்கம் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சித்தப்பா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாத்தா பெயரைச் சொன்னார்.

அப்பா, 7.31
போதும்மா. இது போதும்.

நான், 11.50
காலை முழுக்க மெதுவாகத்தான். இறக்கி நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புது இன்ஜினை முதல் பத்து மணி நேரத்துக்கு ஒரே வேகத்தில் வைக்கக் கூடாது, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும், முழு வேகம் ஒரு சில நிமிடம் மட்டும். கடற்புல் வளர்ந்த ஆழமில்லாத பக்கம் போகவே இல்லை. கடல்பசு மேய்கிற இடம் என்று கூட வந்த மீனவ அண்ணன் சொன்னார்.

நான், பிற்பகல் 1.15
முழு வேகம் இரண்டு நிமிடம் பார்த்தோம். வலது இன்ஜின் 5150 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). இடது 4750 தாண்டவில்லை. சித்தப்பா முகம் வாடிவிட்டது.

ஷார்ஜா அத்தான், 1.19
இடது பக்கம் பிளக், பெட்ரோல், புரொப்பல்லரில் கயிறு சுற்றியிருக்கிறதா, எல்லாம் பார்த்தீர்களா?

நான், 1.27
பார்த்தாயிற்று அத்தான், ஒன்றும் இல்லை. ஆனால் என் நோட்டில் ஒன்று இருக்கிறது. 3000, 4000 எல்லாவற்றிலும் இரண்டையும் மீட்டரில் சமமாக வைத்துத்தான் ஓட்டினோம். அப்போதெல்லாம் இடது வேக லீவர் வலதைவிட ஒரு விரல் முன்னால் இருந்தது. ஒவ்வொரு தடவையும்.

ஷார்ஜா அத்தான், 1.29
அப்படியானால் இன்ஜின் மேல் தப்பில்லை. கேபிள்! மூடியைக் கழற்றி, லீவரைக் கடைசி வரை தள்ளச் சொல்லி, த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்று விடும் கதவு) முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான்.

சித்தப்பா, 2.05
கண்டுபிடித்தாயிற்று. இடது கேபிள் முனை நான்கு மில்லிமீட்டர் குறைவாக உட்கார்ந்திருந்தது. த்ராட்டில் முட்டுவதற்கு முன்பே லீவர் முட்டிவிட்டது. நானே பூட்டியது, இனி இரண்டையும் அளந்துதான் பூட்டுவேன். பாப்பா எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பேன்.

அப்பத்தா (குரல் பதிவு, அப்பா எழுதியது), 2.20
"இரட்டை மாட்டில் ஒன்று பிந்தினால் மாட்டை அடிக்காதே, நுகத்தடியைப் பார் என்று உங்கள் அய்யா சொல்வார். பிள்ளைக்கு வெயில் படாமல் துண்டு போடுங்கள்."

நான், 3.10
இப்போது இரண்டும் 5150. போகும்போது 31.9 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), திரும்பும்போது 33.1. நீரோட்டமும் காற்றும் ஒரு பக்கம் உதவும், மறுபக்கம் தடுக்கும் என்பதால் இரண்டையும் கூட்டிச் சராசரி 32.5.

சித்தப்பா, 3.22
வேகம் போதும். ஆனால் 5150 போதாது. இந்த இன்ஜின் முழு வேகத்தில் 5300-க்கும் 6300-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே நின்றால், நான்காவது கியரில் மேடு ஏறுகிற மாதிரி திணறும். நாளடைவில் இன்ஜினுக்குக் கேடு. ஐந்து பேர் ஏறினால் இன்னும் குறையும்.

ஷார்ஜா அத்தான், 3.30
மாமா, இப்போது இருப்பது 19 பிட்ச். கியர் விகிதம் 2.15, அதாவது இன்ஜின் 2.15 சுற்றுக்குப் புரொப்பல்லர் ஒரு சுற்று. கணக்குப்படி 5150-ல் 37.4 நாட் போக வேண்டும், 32.5 போகிறது. வழுக்கல் 13 சதவீதம். இந்த அளவு படகுக்கு அது சரிதான், புரொப்பல்லர் தண்ணீரைப் பிடிக்கிறது. பிட்ச்தான் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் 150, 200 ஆர்.பி.எம். ஏறும். 17 வாங்குங்கள். மறக்காமல் ஒன்று வலஞ்சுழி, ஒன்று இடஞ்சுழி.

பரமக்குடி மாமா, 3.41
பிட்ச் என்றால் என்ன மாப்பிள்ளை?

நான், 3.46
மாமா, ஸ்க்ரூவை ஒரு சுற்றுச் சுற்றினால் மரத்துக்குள் எவ்வளவு இறங்குமோ, அது. 19 என்றால் வழுக்காமல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 19 அங்குலம் படகு முன்னே போகும்.

மார்ச் 8, ஞாயிறு

நான், காலை 9.20
17 பிட்ச் போட்டு இறக்கிவிட்டோம். இந்தத் தடவை அப்பாவையும் சேர்த்து ஆறு பேர். அதே இடம், அதே பெட்ரோல் அளவு.

நான், 10.05
இரண்டும் 5600!! வேகம் 32.8 நாட். ஆள் கூடியும் வேகம் குறையவில்லை. நின்ற இடத்திலிருந்து தண்ணீர் மேல் ஏற முன்பு 9 வினாடி ஆனது, இப்போது 6. ஒரு விசைப்படகின் அலைக்குள் குறுக்காகப் போனோம். மடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் விழவில்லை.

அம்மா, 10.07
அப்பாவை ஒரு படம் எடுத்து அனுப்பு.

நான், 10.12
அனுப்பியிருக்கிறேன். அவர்தான் இப்போது ஓட்டுகிறார். மெதுவாகத்தான்.

ஷார்ஜா அத்தான், 10.20
மாமா, 5600 என்றால் நெஞ்சில் கை வைத்துத் தூங்கலாம். திருப்பும்போது உள்பக்க இன்ஜின் காற்றைக் குடித்து உறுமுகிறதா?

சித்தப்பா, 11.02
கூர்மையாகத் திருப்பினால் உள்பக்கத்து இன்ஜின் கொஞ்சம் உறுமுகிறது மாப்பிள்ளை. அடுத்த வாரம் இரண்டையும் ஒரு துளை கீழே இறக்கிப் பார்க்கிறேன். மற்றபடி இரண்டு ஃபில்டரிலும் தண்ணீர் இல்லை, போல்ட் எதுவும் தளரவில்லை, பலகையைத் தட்டினேன், கணீரென்று கேட்கிறது.

அப்பா, 11.30
அம்மாவிடம் சொல்லுங்கள். பங்குனி முடிவதற்குள் அவரை அழைத்து வருகிறேன். முன்னிருக்கையில்.

சித்தப்பா, மாலை 4.15
அக்கா, கிளம்பிவிட்டோம். ஐந்தரைக்குப் பரமக்குடி வருவோம். உப்பு காய்வதற்குள் இரண்டு இன்ஜினையும் நல்ல தண்ணீரில் பத்துப் பத்து நிமிடம் அலச வேண்டும். வாசல் குழாயில் தண்ணீர் வருகிறதா?

பரமக்குடி அத்தை, 4.18
மேல்தொட்டி நிரம்பியிருக்கிறது தம்பி. நீளக் குழாயும் பக்கத்து வீட்டில் வாங்கி வைத்துவிட்டேன். ஆறு பேருக்கும் தோசை மாவு இருக்கிறது, வழியில் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.