ஆவணத் தொடரில் வரும் அழுங்கும் துறைமுகக் காட்சிகளும்

முல்லைநிலம்:
வணக்கம் நண்பர்களே. ஆப்பிரிக்காவில் நடக்கும் வனவிலங்கு மீட்பையும் வேட்டைக் குற்றங்களையும் பற்றிய ஆவணத் தொடர் ஒன்றை ஞாயிறுதோறும் என் மகளுடன் விரும்பிப் பார்த்துவருகிறேன். சென்ற வாரம், ஜிம்பாப்வேயில் கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட அழுங்கு (உடலெங்கும் செதில் கொண்ட எறும்புத்தின்னி) ஒன்றைக் காப்பாளர் ஒருவர் புல்வெளியில் மணிக்கணக்கில் நடத்திச் சென்றார். முன்னங்கால்களை மார்போடு மடக்கிக்கொண்டு, பின்னங்கால்களால் மட்டும் நடந்து, மண்ணை முகர்ந்து முகர்ந்து அது நின்ற காட்சியை நாங்கள் இருமுறை பார்த்தோம். எறும்பைப் பிடித்துவந்து கூண்டுக்குள் வைத்தால் போதாதா என்று மகள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். தொடரின் பிற்பாதி துறைமுகம், கிடங்கு, சரக்கு ஆவணம் என்றே நகர்கிறது. விலங்குகளுடன் இருக்க வேண்டிய நேரம் அங்கே வீணாவதாக எனக்குப் படுகிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றியதா?

அடிவாரம்:
அழுங்குக்குப் பல் கிடையாது. நீண்ட நாவால் ஒற்றியெடுக்கும் எறும்பையும் கறையானையும், கூடவே விழுங்கும் மணலும் சிறுகற்களும்தான் இரைப்பைக்குள் அரைத்துக் கொடுக்கின்றன. கண்ட எறும்பையும் அது தின்பதில்லை. சில இனங்களை மட்டுமே தேர்ந்து தின்னும். தட்டில் வைத்ததைப் பெரும்பாலும் தொடாமல் மெலிந்துபோகும் என்பதால்தான், ஜிம்பாப்வேயின் டிக்கி ஹைவுட் அறக்கட்டளையில் அழுங்குகளுக்குத் தனித்தனிக் காப்பாளர்களை அமர்த்தி, இரை தேட வெளியே அழைத்துச் செல்கிறார்கள். சிறுமலை அடிவாரத்தில் வளர்ந்த நான் சிறுவயதில் ஓர் அழுங்கை அருகில் பார்த்திருக்கிறேன். ஆள் அரவம் கேட்டதும் அது பந்தாகச் சுருண்டுகொண்டது. செதில்கள் ஒன்றோடொன்று உரசியபோது காய்ந்த பனையோலையின் சலசலப்புக் கேட்டது. புலியிடமிருந்து காக்கும் அந்தச் சுருளல், மனிதன் குனிந்து தூக்கிச் செல்வதற்கு எளிதாகிவிடுகிறது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

கலங்கரை:
பிற்பாதியைப் பற்றி நான் உங்களிடமிருந்து மாறுபடுகிறேன். 2019 ஏப்ரலில், நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் சென்ற ஒரு சரக்குப் பெட்டகத்தைச் சிங்கப்பூரில் திறந்தார்கள். ஆவணத்தில் உறைந்த மாட்டிறைச்சி என்று எழுதியிருந்தது; உள்ளே 12.9 டன் அழுங்குச் செதில்கள் இருந்தன. ஏறத்தாழ 17,000 அழுங்குகளைக் கொன்றால்தான் அவ்வளவு செதில் சேரும் என்று கணக்கிட்டார்கள். சில நாள்களில் அதே அளவை ஒட்டிய இன்னொரு பெட்டகமும் பிடிபட்டது. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் என்னும் புரதம்தான் அந்தச் செதில். அதை மருந்தென்று நம்பி வாங்குவோருக்காக இவ்வளவும் நடக்கிறது. எட்டு அழுங்கு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத் தடை 2017 தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தடை இருந்தும் பெட்டகம் கப்பலேறியது எப்படி என்பதை அந்தக் கிடங்குக் காட்சிகளில்தான் பார்க்க முடிகிறது. ஈனும்போது பெரும்பாலும் ஒரே குட்டி போடும் விலங்கு இது; ஒரு பெட்டகத்தில் போனதைக் காப்பாளர்கள் நடத்தி நடத்தி மீட்டுவிட முடியாது.

முல்லைநிலம்:
இருவருக்கும் மிக்க நன்றி. மாட்டிறைச்சி என்று எழுதப்பட்ட பெட்டகத்தைப் பற்றி மகளிடம் சொன்னேன். கிடங்குக் காட்சி வந்தாலே எழுந்து போய்விடுகிறவள், இந்த வாரம் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.