‘மனிதவுருவேற்றம்’ போதுமா? செனோஃபனீஸுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கடவுளுக்கு மனித வடிவமும் குணமும் கொடுத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு (ஆங்கிலத்தில் anthropomorphism) ‘மனிதவுருவேற்றம்’ என்ற சொல்லை நம் குழுவில் ஐயா நேற்று முன்வைத்திருந்தார். ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேர்களுக்கு அது பிசகில்லாத பெயர்ப்புதான். ஆனால் இந்த வழக்கத்தைச் சாடிய பழங்கிரேக்கச் சிந்தனையாளர் செனோஃபனீஸைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் அது இரண்டு இடங்களில் இடறுகிறது.

முதலில் ‘உருவேற்றம்’. மந்திரத்தை லட்சம் உரு ஏற்றினார் என்கிறோம். சமய நூலில் இந்தச் சொல்லைக் கண்டதும் வாசகரின் மனம் ஜெபமாலைக்குப் போய்விடும். தவிர, செனோஃபனீஸின் கோபம் உருவத்தோடு நிற்கவில்லை. திருட்டு, பிறன்மனை நாடுதல், ஒருவரையொருவர் ஏமாற்றுதல் என மனிதரிடையே இழிவானதை எல்லாம் பழங்கிரேக்கக் கவிஞர்களான ஹோமரும் ஹெசியோடும் தெய்வங்களின் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார். ஆகவே ‘சாயல்’ என்ற சொல்லை எடுக்கலாம். பிள்ளைக்கு அப்பாவின் சாயல் என்னும்போது மூக்கையும் சொல்கிறோம், நடையையும் சொல்கிறோம்.

பெரிய இடறல் ‘மனித’ என்பதில். கி.மு. 570 வாக்கில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையை ஒட்டிய கொலோஃபனில் பிறந்த கவிஞர் செனோஃபனீஸ். இருபத்தைந்து வயதிலிருந்து 67 ஆண்டுகள் கிரேக்க மண்ணில் அலைந்ததாக அவரே பாடியிருக்கிறார். எத்தியோப்பியரின் தெய்வங்களுக்குச் சப்பை மூக்கு, கருநிறம். திரேஸ் நாட்டாரின் தெய்வங்களுக்கு நீலக்கண், செம்பட்டை முடி என்கிறார். மாட்டுக்கும் குதிரைக்கும் சிங்கத்துக்கும் கைகள் இருந்து, வரையவும் தெரிந்திருந்தால், குதிரை குதிரையைப் போலவும் மாடு மாட்டைப் போலவும்தான் தெய்வத்தை வரையும் என்கிறார். குதிரை வரைந்த தெய்வத்தில் மனிதன் எங்கே இருக்கிறான்? அவர் கண்டுசொன்னது, யாரானாலும் தம் சாயலைத் தெய்வத்தின் மேல் ஏற்றுகிறார்கள் என்பதை. அதனால் என் பரிந்துரை: தற்சாயலேற்றம். தற்காப்பு, தற்சார்பு போலப் புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. கதையில் முயல் பேசுவதற்கும், கணினி ‘யோசிக்கிறது’ என்பதற்கும் மனிதச்சாயலேற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். சாயலேற்றம் இரண்டுக்கும் பொது.

இதே வழக்கத்துக்கு ‘உயர்திணையேற்றம்’ என்று குழுவில் அம்மையார் எழுதியிருந்ததும் அழகான சொல். அஃறிணைப் பொருளுக்கு அது பொருந்தும். ஆனால் ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்பது நன்னூல். தேவர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள்; ஏற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

ஓர் இடம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. தெய்வங்களிலும் மனிதரிலும் மிகப்பெரிய ஒரே கடவுள், உடலாலும் எண்ணத்தாலும் மனிதரைப் போன்றவர் அல்லர் என்று செனோஃபனீஸ் பாடுகிறார். அந்தக் கடவுள் முழுதாகப் பார்க்கிறார், முழுதாக நினைக்கிறார், முழுதாகக் கேட்கிறார் என்றும் பாடுகிறார். கண், காது என்று தனி உறுப்பு கிடையாது. கிரேக்கத்தில் அந்தக் கடவுள் ஆண்பாற்சொல். தமிழில் ‘பார்க்கிறார்’ என்று எழுதினால், அந்த ‘ஆர்’ விகுதியிலேயே ஒரு பெரியவரின் சாயல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘பார்க்கிறது’ என்றால் அஃறிணையாகிறது. மொழிபெயர்ப்பில் கைதேர்ந்தவர்கள் இதற்கு எந்த முடிவைக் கொள்வீர்கள்? எனக்கு ‘ஆர்’ பக்கமே சாய்வு.

அன்புடன்.