மறு: "மது அருந்தும் சுற்றுலா": சுவைபார்ப்பு என்றால் சரிப்படுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் போய்வந்ததைப் பற்றி எங்கள் வட்டாரச் செய்திமடலுக்கு ஒரு பக்கம் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். "மது அருந்தும் சுற்றுலா" என்று போட்டு இங்கே கருத்துக் கேட்டதற்கு வந்த மடல்களில் பாதி சொல்லைப் பற்றி, மீதி என் ஒழுக்கத்தைப் பற்றி. ஒழுக்கத்தை என் மாமியார் பார்த்துக்கொள்வார். சொல்லுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

தோ பாயோவிலிருந்து எழுதும் ஐயா கேட்டிருந்தார்:

> அருந்துதல் என்றால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அரைநாள் வண்டியில் ஏறிப் போனது அதற்குத்தானா அம்மா?

அதற்கு இல்லை ஐயா. அங்கே என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லுக்கு வருவோம்.

பெர்த் நகரத்திலிருந்து ஸ்வான் பள்ளத்தாக்கு காரில் ஏறக்குறைய 25 நிமிடம். இங்கிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம் பறந்தாலும் கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். அவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரம். 1829இல் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றம் தொடங்கிய சில காலத்துக்குள்ளேயே அங்கே திராட்சைக்கொடி ஊன்றிவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒயினுக்கு அதுதான் பழைய ஊர். பேர் பெற்ற மார்கரெட் ரிவர் தெற்கே மூன்று மணி நேரப் பயணம், அதற்கெல்லாம் அரைநாள் போதாது. பகல் பன்னிரண்டரைக்குச் சின்ன வேன் ஒன்று விடுதி வாசலுக்கே வந்தது. நாங்கள் பதினொரு பேர். ஓட்டுநரே வழிகாட்டி. மூன்று தோட்டம், நடுவே ஒரு சாக்லேட் கடை, ஐந்து மணிக்குத் திரும்ப விடுதி.

முதல் தோட்டத்தில் நீளமான மரமேசை. ஒவ்வொருவர் முன்னும் ஒரு கண்ணாடிக் கிண்ணம், நடுவில் ஒரு வாளி. கிண்ணத்தில் ஒரு வகைக்கு ஊற்றியது 30 மில்லி. இருமல் மருந்து மூடியில் ஊற்றுவார்களே, அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதையும் குடிக்க விடவில்லை. கிண்ணத்தைச் சாய்த்து வெள்ளைத்தாளுக்கு நேரே பிடித்து நிறத்தைப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. பிறகு காம்பைப் பிடித்து மெல்லச் சுழற்றி மூக்கை உள்ளே விடச் சொன்னார். அதற்கப்புறம்தான் வாய்க்குப் போனது. நாக்கு முழுக்கப் பரவவிட்டு, கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, சூடான கோப்பியை உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம். கடைசியில் வாளியில் துப்பு என்றார்.

அங்கேதான் சிக்கல். எச்சில் துப்பினால் அபராதம் என்ற எச்சரிக்கையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் குனிந்து துப்புவதற்குள் வேர்த்துவிட்டது. என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். "காசு கொடுத்ததை எவனாவது துப்புவானா?" ஒரு தோட்டத்தில் ஐந்து வகை, வகைக்கு 30 மில்லி, ஆக 150. மூன்று தோட்டத்துக்கு 450. முக்கால் லிட்டர் புட்டியில் ஐந்தில் மூன்று பங்கு! மூன்றாவது தோட்டத்தில் அந்த ஊரின் விசேஷமான, வெளிச்சாராயம் சேர்த்துப் புளிப்பேறுவதைப் பாதியில் நிறுத்தி இனிப்பு தங்கவைத்த வகை வந்தது. அதில் மதுவின் அளவு 18 விழுக்காட்டுக்குப் பக்கம். அதையும் விழுங்கினார். திரும்பி வரும்போது வேன் கண்ணாடியில் தலை வைத்துத் தூங்கியவர் விடுதி வாசலில்தான் கண் திறந்தார்.

ஆக ஐயா, அன்றைக்கு "அருந்தியவர்" அவர். நான் செய்ததற்கு வேறு சொல் வேண்டும். அதைத்தான் மூன்று நாளாகத் தேடுகிறேன்.

வந்த யோசனைகளை வரிசையாகப் பார்த்தேன். "ஒயின் ருசிப்பு": ருசித்துச் சாப்பிட்டான் என்றால் தட்டு காலி. "சுவைத்தல்" என்பதற்கும் அதே கதி. "நுகர்வு" என்று ஒருவர் எழுதியிருந்தார். முகர்வதும் அதில் அடங்கும் என்பது நல்ல வாதம். ஆனால் நுகர்வோர் சங்கம், நுகர்வோர் புகார் என்று அந்தச் சொல் எப்போதோ கடைத்தெருவுக்குக் குடிபோய்விட்டது. "பதம் பார்த்தல்" எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஒரு புட்டிக்கு 30 மில்லி பதம். ஆனால் நாளிதழ்காரர்கள் கெடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடி காலைப் பதம் பார்த்தது, கல் மண்டையைப் பதம் பார்த்தது என்று படித்துப் படித்து, "ஒயின் பதம் பார்க்கும் சுற்றுலா" என்றால் யாரை எந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

அப்புறம்தான் சமையலறை ஞாபகம் வந்தது. சாம்பார் கொதிக்கும்போது அம்மா கரண்டியைத் தூக்கி, ஊதி, என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார்: "உப்புப் பாரு." நக்கிப் பார்த்து "கொஞ்சம் போடலாம்" என்பேன். அதற்குச் சாப்பிட்டதாகப் பேர் கிடையாது. விரத நாளில் மட்டும் யாரும் உப்புப் பார்க்க மாட்டார்கள், குத்துமதிப்பாகப் போட்டுவிடுவார்கள். வேலையெல்லாம் செய்வது அந்தப் "பார்"தான். குடித்தான் வேறு, குடித்துப் பார்த்தான் வேறு. நாடி பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு "போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்து வரலாம், பெண் பார்த்தால் கட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. தோட்டத்திலும் அப்படித்தான். பதினைந்து வகை பார்த்துவிட்டு நாங்கள் வாங்கியது இரண்டே புட்டி.

"சரிபார்ப்பு" ஏற்கெனவே கலைச்சொல்லாக ஊன்றிவிட்டது. வங்கிச் செயலியிலிருந்து பள்ளிப் படிவம் வரை வருகிறது. அதே அச்சில் வார்த்தால் சுவைபார்ப்பு. செய்பவர் சுவைபார்ப்பவர், மேசை சுவைபார்ப்பு மேசை, போவது அரைநாள் சுவைபார்ப்புச் சுற்றுலா. ஒயினுக்கு மட்டும் என்று இல்லை, கோப்பிக்கொட்டை, தேயிலை, நெய், தேன் எதற்கும் ஆகும். இதுதான் என் முன்மொழிவு.

ஒயினையே "தேறல்" ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆசையாகத்தான் இருக்கிறது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த, குளிர்ந்து மணக்கும் தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியனுக்கு ஊற்றிக்கொடுக்கச் சொல்கிறார். புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. தேறல் என்றாலே தெளிந்தது. மண்டியை அடியில் தங்கவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்தெடுப்பது ஒயின் செய்முறையிலும் உண்டு. எல்லாம் பொருந்துகிறது. ஆனால் என் மகனிடம் "தேறல் சுற்றுலா" என்று படித்துக் காட்டினேன். "யாரும்மா வேட்பாளர்?" என்றான். ஒயின் ஒயினாகவே இருக்கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக.

சிவப்பு ஒயின் வாயில் பட்டதும் நாக்கு இழுத்துப் பிடித்து வறண்டுபோகும். கொட்டையிலும் தோலிலும் இருக்கும் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வரும் வறட்சி அது. சிவப்பைத் தோலோடு புளிக்கவிடுகிறார்கள், வெள்ளைக்குச் சாற்றைப் பிழிந்துகொண்டு தோலைத் தள்ளிவிடுகிறார்கள், அதனால் வெள்ளையில் இது அவ்வளவு தெரியாது. கூட வந்த வெளிநாட்டுக்காரர்கள் அதைச் சொல்லத் தெரியாமல் திண்டாடினார்கள். ஒருவர் மணல்தாள் என்றார், ஒருவர் கம்பளி என்றார். எனக்கோ வாய்க்குள் கொட்டைப்பாக்கு. வாழைப்பூ ஆயும்போது விரலில் கறையாக ஒட்டுவதும் அதன் உறவுதான். துவர்ப்பு என்று அறுசுவையில் ஒன்றாகவே நாம் பேர் வைத்து உட்கார்ந்திருக்கிறோம். இதற்குப் புதுச்சொல் ஆக்குகிறேன் என்று தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம்.

அந்தத் துப்பும் வாளிக்குப் "படிக்கம்" என்று எழுதியிருக்கிறேன். பாட்டி வீட்டில் கட்டில் காலடியில் பித்தளையில் ஒன்று இருந்தது, வாய் அகன்று, இடுப்பு ஒடுங்கி. வெற்றிலைச் சாற்றுக்கு இருந்தது ஒயினுக்கு ஆகாதா?

அன்புடன்,
பிடோக் நார்த்திலிருந்து

---

அன்புள்ள அம்மா,

தங்கள் கணவர் நலமாக எழுந்தாரா?

மூன்று தடை. முதலாவது, பழந்தமிழில் "பார்ப்பு" என்றால் பறவைக்குஞ்சு. தங்கள் சொல்லைச் சங்கப்புலவர் ஒருவர் படித்தால் ருசியான கோழிக்குஞ்சு என்று கொள்வார். இரண்டாவது, நம் பிள்ளைகள் இதைச் "சுவைப்பார்ப்பு" என்று ஒற்று மிகுத்துத்தான் எழுதப்போகிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டு விடைத்தாள் திருத்திய கை சொல்கிறது. மூன்றாவது, இதில் ஒரு பங்கு வேலைதான் நாக்குக்கு. கண்ணும் மூக்கும் செய்ததைச் "சுவை" என்ற சொல் விழுங்கிவிடுகிறதே?

படிக்கத்துக்கு முழு ஒப்புதல். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

தோ பாயோ

---

ஐயாவுக்கு வணக்கம்,

எழுந்தார். எழுந்ததும் அந்த இரண்டு புட்டியையும் எங்கே வைத்தேன் என்று கேட்டார்.

குஞ்சைப் பற்றிப் பயம் வேண்டாம். "எதிர்பார்ப்பு" என்று தினம் பத்துத் தடவை எழுதுகிறோம், எதிரே வந்து நிற்கும் குஞ்சு என்று ஒருவரும் நினைப்பதில்லை. ஒற்றுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்த விதிதான்: சுவையைப் பார்ப்பது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, கைதட்டல், கதைசொல்லி மாதிரி. மிகாது. பிள்ளைகள் தப்பாக எழுதினால் சிவப்பு மையால் சுழியுங்கள்.

மூன்றாவது தடைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் உப்புப் பார்ப்பவரும் உப்பை மட்டுமா பார்க்கிறார்? புளி, காரம், வாசனை, பருப்பு வெந்ததா என்பதெல்லாம் அந்த ஒரு சொட்டில் தெரிந்துவிடுகிறது. "ஈரச்சந்தை" என்ற சொல்லில் மீன் இல்லை, காய்கறி இல்லை, தரை ஈரம் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் தேக்காச் சந்தைக்குப் பை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு விளங்குகிறது. "இணையம்" என்ற சொல் நம்ம ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கையால் புழக்கத்துக்கு வந்தபோதும், இத்தனையையும் இது தாங்குமா என்று கேட்டிருப்பார்கள்.

பிடோக் நார்த்

---

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுத வேண்டியிருக்கிறது.

நான் குன்னூர்க்காரன், இங்கே வந்து பதினாறு வருடம். சின்ன வயதில் தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒருமுறை கூட்டிப்போனார்கள். நீள மேடையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் பின்னாலும் காய்ந்த தூளும் வடிகட்டிய சக்கையும். ஒருவர் கரண்டியால் அள்ளி "சர்ர்ர்" என்று உறிஞ்சுவார், உடனே துப்புவார், அடுத்த கிண்ணம். நின்ற இடத்திலேயே முப்பது நாற்பது. துப்புவதற்கு ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு தகரப் பாத்திரம், சக்கரம் வைத்தது, அவரோடு கூடவே நகரும். "அவர் டீ குடிக்கிறாரா?" என்று அப்பாவிடம் கேட்டேன். "குடிக்கலடா, பாக்கறார்" என்றார்.

அக்கா சொன்ன சொல்லுக்கு என் ஓட்டு.

உட்லண்ட்ஸ்

---

தம்பி, இந்த மடலை நீங்கள் மூன்று நாளைக்கு முன்னாலேயே போட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

ஐயா தனிமடலில் ஒப்புதல் தந்துவிட்டார், "கோழிக்குஞ்சுத் தடையை மட்டும் பதிவில் வைத்திருக்கவும்" என்ற நிபந்தனையோடு. வைத்தாயிற்று. "ஸ்வான் பள்ளத்தாக்கில் அரைநாள் ஒயின் சுவைபார்ப்பு" என்ற தலைப்பில் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.

செய்திமடல் ஆசிரியருக்குப் படிக்கம் என்றால் என்னவென்று தெரியவில்லை. படம் போட்டால் சொல்லை விட்டுவைக்கிறேன் என்கிறார். பாட்டி வீட்டுப் படிக்கம் எப்போதோ பழைய பாத்திரக்காரனிடம் போய்விட்டது. யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று கிடந்தால் புளி போட்டுத் தேய்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

பிடோக் நார்த்