கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு கலைக்கு: எதிர்ப்பு மனுவில் கையெழுத்திடலாமா?

நீலக்குடை (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் நகர மன்றத்தின் முன் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. இனி நகர நிர்வாகம் எழுப்பும் ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் செலவிலும் ஒரு விழுக்காட்டைச் சிற்பம், சுவரோவியம் போன்ற பொதுக்கலைப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அடுத்த வாரம் கருத்துக்கேட்புக் கூட்டம். அதற்குள் குடியிருப்போர் சங்கத்தார் எதிர்ப்பு மனு ஒன்றைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். சாலையெல்லாம் பள்ளமாக இருக்கும்போது சிலை எதற்கு என்பதுதான் மனுவின் சாரம். மூன்று நாட்களாக அது என் மேசையிலேயே கிடக்கிறது.

பள்ளத்தைப் பற்றிய வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் வரவுசெலவுத் திட்டத்தை எடுத்துப் புரட்டியபோது, மழைநீர் வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் நடுவே ஒற்றை வரியாகக் கலைப்பணி நிற்கிறதே தவிர, அந்த வரியை அடித்துவிட்டால் பணம் பள்ளத்துக்குப் போய்ச் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் தென்படவில்லை. இப்படிப்பட்ட விதியை வேறு நகரங்கள் கொண்டுவந்தபோது என்ன நடந்தது, எதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையபேனா

உள்ளாட்சிக் கணக்குகளில் நெடுங்காலம் உழன்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் ஐயப்பட்டது சரிதான். பள்ளம் நிரப்புவது பெரும்பாலும் வருவாய்ச் செலவு. ஆண்டுதோறும் வரும் வரியிலிருந்து போவது. கட்டடம் மூலதனச் செலவு. கடன் வாங்கியோ மேலிருந்து வரும் மானியத்தைக் கொண்டோ செய்வது. அந்தப் பணத்தை வேறு தலைப்புக்கு மாற்றப் பல இடங்களில் விதி இடம் கொடுப்பதில்லை. ஆகவே கலைக்கான ஒரு விழுக்காட்டை நீக்கினால் கட்டடம் ஒரு விழுக்காடு மலிவாகுமே ஒழிய, தார்ச்சாலை ஒரு முழம்கூட நீளாது. அதற்காக அது சும்மா வந்த பணம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கடன் வாங்கிக் கட்டினால் சிற்பத்துக்கும் சேர்த்துத்தான் இருபது முப்பது ஆண்டுகள் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

இந்த விதி புதிதன்று. பிரான்ஸ் நாடு 1951-இல் கல்விக் கட்டடங்களுக்கு இதைக் கொண்டுவந்தது. அமெரிக்க நகரங்களில் பிலடெல்பியா 1959-இல் முதலில் சட்டமாக்கியது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஊர்கள் அதைப் பின்பற்றின.

எங்கே சறுக்குகிறது என்று பார்க்கக் கனடாவின் கால்கரி நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அங்கே ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் அருகே 4,70,000 கனேடிய டாலர் செலவில் பெரிய நீல வளையம் ஒன்றை நிறுவினார்கள். நகர மேயரே அது தமக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2017-இல் இன்னொரு நெடுஞ்சாலையோரப் படைப்பும் எதிர்ப்பைக் கிளப்ப, மன்றம் அந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. வளையம் அழகா இல்லையா என்பது வேறு பேச்சு. பாலம் கட்டும் பணத்தில் வந்த கலை பாலத்தருகேதான் நிற்க வேண்டுமென்றால், ஊரில் யாரும் நடந்து போகாத இடத்தில், காரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடப்பவர் கண்ணில் மூன்று நொடி பட்டு மறைவதாகத்தான் அது அமையும். உங்கள் தீர்மானத்தில் அந்த ஒரு விழுக்காடு ஒவ்வொரு கட்டடத்தோடும் கட்டிப்போடப்பட்டிருக்கிறதா, பொது நிதியாகச் சேர்த்து வேண்டிய இடத்தில் செலவிட வழி உண்டா என்று முதலில் படித்துப் பாருங்கள்.

மூன்றாம்வரிசை

பழையபேனா அவர்கள் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மக்களின் கோபம் கணக்கைப் பற்றியதாக இருப்பது குறைவு என்பது என் எண்ணம். தங்களைக் கேட்காமல் தங்கள் வழியில் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பதே பெரும்பாலான சண்டைகளின் வேர்.

நியூயார்க்கில் 1981-இல் ரிச்சர்ட் செர்ராவின் 'டில்ட்டட் ஆர்க்' நிறுவப்பட்டது. 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட துருநிற எஃகுச் சுவர், அரசு அலுவலகங்களின் முன்னிருந்த திறந்தவெளியைக் குறுக்கே பிளந்தபடி நின்றது. அதற்கு 1,75,000 டாலர் கொடுத்தது நகரம் அல்ல, மத்திய அரசு. இருந்தாலும் பாடம் ஒன்றுதான். நாள்தோறும் வேலைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. 1985-இல் பொது விசாரணை நடந்தபோது பேசிய 180 பேரில் 122 பேர் அது இருக்க வேண்டும் என்றார்கள், 58 பேர் அகற்ற வேண்டும் என்றார்கள். ஆயினும் விசாரணைக் குழு அகற்றவே பரிந்துரைத்தது. சிற்பி வழக்குப் போட்டுத் தோற்றார். 1989-இல் ஓர் இரவில் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வைப்பதற்கு முன் அங்கு வேலை செய்வோரிடம் முறையாகக் கேட்டிருந்தால் இந்த எட்டாண்டு இழுபறி நேர்ந்திருக்குமா? பணம் கொடுத்தவன், படைத்தவன், தினமும் பார்க்க நேர்ந்தவன் ஆகிய மூவரில் மூன்றாமவனுக்குக் கடைசியில்தான் காதுகொடுத்தார்கள், அதுவும் எண்ணிக்கையை மதிக்காத ஒரு விசாரணையின் வழியாக.

இங்கே யாராவது, முதலில் திட்டியவர்கள் பிறகு கொண்டாடுவார்கள் என்று எழுதப்போகிறார்கள். உண்மைதான். சிகாகோவில் 1967-இல் திறக்கப்பட்ட பிக்காசோவின் சிற்பத்தை அன்று எள்ளி நகையாடினார்கள். இன்று அது ஊரின் அடையாளங்களில் ஒன்று. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் 1969-இல் நிறுவப்பட்ட கால்டரின் செந்நிறச் சிற்பம் அந்த நகரத்தின் முத்திரைச் சின்னமாகவே ஆகிவிட்டது. ஆனால் நமக்குக் கதை சொல்ல மிஞ்சியிருப்பவை வென்ற சிற்பங்கள் மட்டுமே. புதர் மண்டிப் போய், பெயர்ப்பலகையும் உதிர்ந்து கிடப்பவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஆகையால் அந்த உதாரணங்களைக் காட்டி ஒரு விதிக்கு ஆதரவு கேட்பது எனக்கு உவப்பாக இல்லை. மனுவில் நான் கையெழுத்திடுவேன்.

ஈரமண்

புதர் மண்டிக் கிடப்பவற்றைத் துலக்குவதுதான் என் தொழில். ஆகவே இந்த இழையில் எனக்கும் ஒரு சொல் உண்டு.

வெண்கலச் சிலை காலத்துக்கும் நிற்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். மழைநீர் வழியும் தடமெல்லாம் வெளிர்பச்சைக் கோடுகளாக இறங்கியிருக்கும். தோளிலும் தலையிலும் பறவை எச்சம் உலோகத்தை அரித்திருக்கும். மடிப்புகளில் நீர் தேங்கிக் கறுத்திருக்கும். மென்மையான சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, மெழுகு பூசித் துணியால் தேய்த்துவிட வேண்டும். திறந்தவெளியில் இருப்பதற்கு இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் நல்லது. ஒருவர் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலைதான். ஐந்தாறு ஆண்டுகள் விட்டுவிட்டால் அதே சிலைக்குச் சாரம் கட்டி வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். முன்பு ஒருமுறை ஓர் எஃகுச் சிற்பத்தின் அடித்தட்டைத் திறந்தபோது, வடிகால் துளையை யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். துளை இருந்தால் அசிங்கமாகத் தெரிகிறது என்று அடைத்தார்களாம்!

சிகாகோவின் 'கிளவுட் கேட்' சிற்பத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 60 லட்சம் டாலர் என்று தொடங்கி 2 கோடியே 30 லட்சம் டாலரில் முடிந்தது. அது நன்கொடையாளர்களின் பணம் என்பதால் வரி கொடுப்பவர்கள் பெரிதாக முணுமுணுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு தானாக நிற்பதில்லை. ஆட்கள் எட்டித் தொடும் ஆறடி உயரம் வரை நாளுக்கு இருமுறை கையால் துடைக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை முழுவதையும் கழுவுகிறார்கள். துடைக்கும் கூலி திறப்பு விழாவோடு முடிகிற செலவு இல்லை.

பழையபேனா அவர்கள் சொன்ன பாகுபாட்டில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. சிற்பம் வாங்குவது மூலதனச் செலவு; மெழுகு பூசுவது வருவாய்ச் செலவு. முன்னதற்கு விதி போட்டு ஒரு விழுக்காடு ஒதுக்கிவிடுவார்கள். பின்னது பள்ளம் நிரப்பும் அதே பையிலிருந்து வர வேண்டும், அங்கே எப்போதும் பள்ளம்தான் ஜெயிக்கும், ஜெயிப்பதும் நியாயம். எனவே புதிதாக ஒன்று வாங்க முன்வருகிறவர்களிடம், ஏற்கெனவே இருப்பவற்றின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பல ஊர்களில் எத்தனை இருக்கின்றன என்றே யாருக்கும் தெரியாது.

நீலக்குடை

மூவருக்கும் நன்றி. தீர்மானத்தின் முழு உரையை இன்று மீண்டும் படித்தேன். பணம் அந்தந்தக் கட்டட வளாகத்துக்குள்ளேயே செலவாக வேண்டும் என்று நான்காம் பிரிவில் இருக்கிறது. தேர்வுக் குழுவில் ஏழு பேர். அதில் அந்தப் பகுதியில் குடியிருப்பவர் ஒருவர் மட்டும், அவருக்கும் வாக்குரிமை கிடையாது. பராமரிப்பு என்ற சொல்லே உரையில் இல்லை.

ஈரமண் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒரு விழுக்காட்டிலேயே ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று தனியே எடுத்து வைக்கலாமா?

ஈரமண்

வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை மட்டும் செலவிடுவதாக எழுதிக்கொண்டால் தாங்கும். எவ்வளவு போட வேண்டும் என்பது பொருளைப் பொறுத்தது. பளிங்குக்கும் வண்ணம் தீட்டிய எஃகுக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. சுவரோவியத்துக்குச் சுவர் யாருடையது என்பதே முதல் கேள்வி. படைப்பை ஒப்படைக்கும்போதே, எதைக் கொண்டு துடைப்பது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் மாற்றுவது என்று கலைஞர் கைப்பட எழுதித் தர வேண்டும் என ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கலைஞர் மறைந்த பிறகு அந்த ஒரு தாளுக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமன்று.

நீலக்குடை

சரி. சங்கத்து மனுவில் கையெழுத்திடப் போவதில்லை. நான்காம் பிரிவு, குடியிருப்பாளரின் வாக்குரிமை, பராமரிப்பு வைப்பு நிதி ஆகிய மூன்றையும் எழுதித் தனியாக ஒரு மனு கொடுக்கிறேன். இவற்றை ஏற்காவிட்டால் எதிர்த்தே பேசுவேன் என்றும் அதில் சேர்த்திருக்கிறேன். மூன்றாம்வரிசை அவர்களுக்கு இது போதாது என்று தெரியும்.

மூன்றாம்வரிசை

போதாதுதான். ஆனால் அந்த ஒருவருக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டதா என்று கூட்டம் முடிந்ததும் இங்கே எழுதுங்கள்.